இன்று இரவு காஸ்மிக் கதிர் வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். இன்று இரவு 12.30 மணி முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடந்து போகின்றன, செல்போனை அணைத்து உடம்பிலிருந்து தள்ளி வையுங்கள், நாசாவே சொல்லிவிட்டது என்று இருக்கும். போன முறை வந்தபோது குன்னூரிலிருந்து அத்தை இரவு பதினோரு மணிக்கு எனக்குப் போன் போட்டார். "ஏப்பா, போனை ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்டார். பண்ணியிருந்தால் எப்படி எடுத்திருப்பேன் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை.

கோத்தகிரிப் பக்கம் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அத்தை கேட்டது, பிள்ளைகள் கேட்டது, டீக்கடையில் கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவைத்தால் அடுத்த தடவை அனுப்பிவிடலாமே என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டது.

சரி, போனை அணைக்கணுமா வேண்டாமா?

வேண்டாம். காஸ்மிக் கதிர் இன்று இரவு வரப்போகும் விருந்தாளி இல்லை. நேற்றும் வந்தது, நீங்கள் பிறந்த அன்றும் வந்தது, இதைப் படிக்கும்போதும் உங்கள் தலைக்குள் புகுந்து காலணி வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு 12.30, 3.30 என்றெல்லாம் கால அட்டவணை கிடையாது. போன் அதை இழுக்கவும் இழுக்காது.

கதிர் என்கிறீர்கள். வெயில் மாதிரி ஒளியா?

பெயர்தான் கதிர். உள்ளே இருப்பது துகள்கள். விண்வெளியிலிருந்து வரும் அணுக்கருக்களில் நூற்றுக்குச் சுமார் 90 வெறும் புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுவின் கரு. ஒன்பது பத்து ஹீலியம் கரு. மிச்சம் ஒரு சதவீதத்துக்குள் கார்பன், ஆக்ஸிஜன், இரும்பு என்று கனமான கருக்கள் எல்லாம் அடங்கிவிடும். இவை போகக் கொஞ்சம் எலக்ட்ரான்களும் உண்டு. எல்லாமே ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் ஓடுகின்றன. 1920களில் மில்லிகன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 'காஸ்மிக் கதிர்' என்று பெயர் வைத்தபோது அது காமா கதிர் போன்ற ஒளி என்றே நம்பினார். நம்பிக்கை பொய்த்தது, பெயர் நின்றுவிட்டது.

சூரியனிலிருந்தும் துகள்கள் வரும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆற்றல் குறைந்தவை. இங்கே நாம் பேசுவது சூரியக் குடும்பத்துக்கு வெளியே, நம் பால்வீதி மண்டலத்துக்குள் எங்கோ முடுக்கிவிடப்பட்டு வருகிறவற்றை.

யார் கண்டுபிடித்தது?

விக்டர் ஹெஸ் என்கிற ஆஸ்திரியர். காற்றில் எப்போதும் சிறிதளவு மின்னூட்டம் இருக்கிறது, அது தரையிலுள்ள கதிரியக்கப் பாறைகளால் வருகிறது என்று அப்போது நினைத்தார்கள். அப்படியானால் மேலே போகப்போகக் குறைய வேண்டும் அல்லவா? 1912 ஆகஸ்ட் 7 அன்று பலூனில் ஏறி 5,300 மீட்டர் வரை போய்ப் பார்த்தார். முதலில் சற்றுக் குறைந்து, அப்புறம் ஏறிக்கொண்டே போனது. அதே ஆண்டு ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போதும் பறந்திருந்தார். சூரியன் மறைந்தும் அளவு குறையவில்லை, ஆகவே இது சூரியனின் வேலையும் இல்லை. 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கிருந்து கிளம்புகிறது?

பெரும்பகுதி சூப்பர்நோவா மிச்சங்களிலிருந்து. பெரிய விண்மீன் ஒன்று வெடித்தால் அதன் பொருள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் விரிந்து, முன்னால் ஓர் அதிர்ச்சி அலையைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த அலையின் இரண்டு பக்கமும் காந்தப்புலம் சிக்குண்டு கிடக்கிறது. நடுவில் மாட்டிய புரோட்டான் இந்தப் பக்கம் மோதி, அந்தப் பக்கம் மோதி, திரும்பத் திரும்ப அலையைக் கடக்கிறது. இரண்டு பேர் மட்டையோடு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்துகொண்டே பந்தைத் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் பந்தின் வேகம் கூடும் அல்லவா, அதே கதைதான். என்ரிகோ ஃபெர்மி 1949இல் போட்ட அடித்தளம் இது. ஒரே அடியில் கிடைக்கும் வேகம் அல்ல, பல நூறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தது.

கணக்கும் ஒத்துப்போகிறது. நம் மண்டலத்தில் நூறு ஆண்டுக்கு இரண்டு மூன்று சூப்பர்நோவா. ஒவ்வொன்றின் வெடிப்பு ஆற்றலிலும் பத்தில் ஒரு பங்கு காஸ்மிக் கதிருக்குப் போனாலே, இப்போது மண்டலம் முழுக்க நிறைந்திருக்கும் அளவைத் தக்கவைக்கப் போதும். வெடிப்புதான் மூலம் என்று வானியலாளர்கள் பாடேயும் ஸ்விக்கியும் 1934இலேயே சொல்லிவிட்டார்கள்.

வந்த திசையைத் திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

அங்கேதான் சிக்கல். பர்லியாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது மூடுபனி இறங்கியிருந்தால் என்ன நடக்கும் என்று நம் ஊர் டிரைவர்களுக்குத் தெரியும். எதிர் வண்டியின் வெளிச்சம் பனியில் சிதறி நாலா பக்கமும் வெள்ளையாக நிற்கும். வண்டி வருகிறது என்று தெரியும், எந்த வளைவில் வருகிறது என்று தெரியாது. மின்னூட்டம் உள்ள துகளுக்குப் பால்வீதியின் காந்தப்புலம் இந்தப் பனி மாதிரி. வளைத்து வளைத்துவிட்டு, எல்லாத் திசையிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவாக வருவதுபோலக் காட்டிவிடும்.

அதனால் சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. சூப்பர்நோவா மிச்சத்திலேயே புரோட்டான்கள் பக்கத்து வாயு மேகத்தில் மோதினால் பையான் என்ற துகள் உண்டாகி, அது உடைந்து காமா கதிர் வரும். காமா கதிருக்கு மின்னூட்டம் இல்லை, நேர்கோட்டில் வரும். ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரண்டு மிச்சங்களில் அந்தக் கைரேகையை ஃபெர்மி விண்தொலைநோக்கி பிடித்ததாக 2013இல் அறிவித்தார்கள்.

இன்னொரு தடயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. லித்தியம், பெரிலியம், போரான் மூன்றும் விண்மீன்களில் மிகவும் அரிது. காஸ்மிக் கதிரிலோ தாராளமாக இருக்கின்றன. காரணம், கார்பனும் ஆக்ஸிஜனும் வழியில் எதன் மீதாவது மோதி உடைந்த துண்டுகள் இவை. அதில் பெரிலியம்-10 கதிரியக்கம் உள்ளது, சுமார் 14 லட்சம் ஆண்டில் பாதியாகும். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்தால் பயணத்தின் வயது கிடைக்கிறது: சுமார் 1.5 கோடி ஆண்டு. நேராக வந்தால் சில ஆயிரம் ஆண்டில் வந்து சேர வேண்டியவை, அத்தனை காலம் சுற்றித் திரிந்திருக்கின்றன.

மேலிருந்து நம் தலை வரை என்ன நடக்கிறது?

கிளம்பிய புரோட்டான் அப்படியே உங்கள் தலைக்கு வருவதில்லை. வளிமண்டலத்தின் மேல்பகுதியில், 15, 20 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நைட்ரஜன் அல்லது ஆக்ஸிஜன் கருவில் மோதிச் சிதறும். சிதறியவை மறுபடி மோதும். ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி, கீழே வரும்போது பொழிவாகிவிடுகிறது. 'காற்றுப் பொழிவு' என்பார்கள். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் பெருகுவதற்கான கணக்கை 1937இல் எழுதியவர்களில் ஒருவர் ஹோமி பாபா. அப்போது அவருக்கு 28 வயதுகூட ஆகவில்லை.

தரை வரை வந்து சேர்வதில் முக்கியமானது மியூவான். எலக்ட்ரானின் அண்ணன் என்று சொல்லலாம், 200 மடங்கு எடை. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழுகிறது. உள்ளங்கையை விரித்து வைத்தால் நொடிக்கு ஒன்றிரண்டு. நீங்கள் எட்டு மணி நேரம் மல்லாந்து படுத்துத் தூங்கினால் சுமார் 30 லட்சம் மியூவான்கள் உங்களைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும், மலையில் இன்னும் கூடுதலாக. கம்பளி போர்த்தியும் பயனில்லை, கூரையும் தடுக்காது.

இதில் ஒரு வேடிக்கை. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளி வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போகலாம். தொட்டபெட்டா உச்சியிலிருந்து மேட்டுப்பாளையம் மட்டத்துக்கு இறங்க 2,300 மீட்டர். அந்தக் கணக்கில் நூறு கிளம்பினால் மூன்றுதான் கீழே வந்து சேர வேண்டும். உண்மையில் பெரும்பாலானவை வந்துவிடுகின்றன. ஏனென்றால் அத்தனை வேகத்தில் ஓடும் துகளின் கடிகாரம், நம் பார்வையில், மெதுவாக ஓடுகிறது. ஐன்ஸ்டீன் சொன்னதற்கு இப்படி ஒரு மலையே சாட்சி. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் ரோஸ்ஸியும் ஹாலும் 1940 வாக்கில் இதைச் செய்து காட்டினார்கள். வகுப்பில் நான் எப்போதும் தொட்டபெட்டாவை வைத்துத்தான் நடத்துவேன். பிள்ளைகளுக்கு கொலராடோ எங்கே தெரியும்?

மலை மேல் குடியிருப்பதால் நமக்கு ஆபத்தா?

சமவெளியைவிட அதிகம்தான், மறைக்க வேண்டியதில்லை. உயரம் ஒவ்வொரு 1,500 மீட்டருக்கும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. உலகச் சராசரியில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 0.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) காஸ்மிக் கதிரால் வருகிறது. பாறை, காற்றிலுள்ள ராடான், சாப்பாடு எல்லாம் சேர்ந்த இயற்கைக் கதிர்வீச்சின் மொத்தம் 2.4. ஊட்டியில் காஸ்மிக் பங்கு கூடினாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட்டுக்குள்தான். வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் அதைப் போலப் பல மடங்கு ஒரே நாளில் வாங்கிவிடுவோம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணல் மேல் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களைக் கேட்டால் நம் மலைக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நமக்கு ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. பூமியின் காந்தப்புலம் நிலநடுக்கோட்டுப் பக்கம் தரைக்கு இணையாகக் கிடப்பதால் இங்கே இறங்கப் பார்க்கும் துகளை அது நன்றாகத் திருப்பிவிடும். ஊட்டி வானத்தில் நேர் மேலேயிருந்து உள்ளே வர, ஒரு புரோட்டானுக்குச் சுமார் 1,700 கோடி எலக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலாவது வேண்டும். உலகிலேயே இந்த வாசல்படி மிக உயரமாக இருக்கும் இடங்களில் தென்னிந்தியா ஒன்று. துருவப் பக்கம் வாசலே திறந்து கிடக்கிறது.

அப்புறம் பழநி மலை விருப்பாச்சி வாழைப்பழத்தில் இருக்கும் பொட்டாசியத்திலும் ஊட்டி கேரட்டில் இருக்கும் பொட்டாசியத்திலும் ஒரு துளி கதிரியக்கம் உண்டு. அதற்காக யாரும் சாப்பிடாமல் இருப்பதில்லை.

ஊட்டியில் வரிசை வரிசையாகச் சின்னக் கூரைகள் போட்டு வைத்திருக்கிறார்களே, அது என்ன?

அதுதான் கிரேப்ஸ்-3. இங்கே திராட்சை விளைவதில்லை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படிச் சேர்ந்துவிட்டன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம், ஊட்டி ராஜ்பவன் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களும் கூட்டு. நிறைய பேர் முத்தோரையில் மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியை இதுவென்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, 530 மீட்டர் நீளம், 1970இலிருந்து வேலை செய்கிறது, ரேடியோ அலையைக் கேட்பது.

கிரேப்ஸில் ஒவ்வொரு சின்னக் கூரைக்கும் கீழே ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் பலகை இருக்கிறது. துகள் புகுந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு மினுக்கும் வகைப் பிளாஸ்டிக். எட்டு மீட்டருக்கு ஒன்றாக, ஏறக்குறைய 400 பலகைகள், மொத்தம் ஆறு ஏக்கர். காற்றுப் பொழிவு ஒன்று இறங்கினால் சரிவில் மழை வந்து தகரங்களில் அடிப்பதுபோல, சில பலகைகளில் முன்னும் சிலவற்றில் பின்னும் விழும். அந்த நொடியின் நூறு கோடியில் சில பங்கு வித்தியாசத்தை வைத்து எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

மியூவானுக்குத் தனி ஏற்பாடு. ஆறு மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள், 3,712. அவற்றின் மேல் இரண்டு மீட்டர் கனத்துக்கு கான்கிரீட் அடுக்கியிருக்கிறார்கள், மற்றத் துகள்கள் அதில் நின்றுவிடட்டும், மியூவான் மட்டும் வரட்டும் என்று. இந்தக் குழாய்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கோலார் தங்க வயலில், பூமிக்கு அடியில், புரோட்டான் அழியுமா என்று பார்க்க வைத்திருந்த குழாய்கள் இவை. அந்தச் சுரங்கத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை தலைமுறை உழைத்திருக்கின்றன! ஆழத்தில் கிடந்தவை பின்னாளில் மலையேறி வந்துவிட்டன. 560 சதுர மீட்டர் பரப்பில் நாளைக்குச் சுமார் 400 கோடி மியூவான் எண்ணுகின்றன.

எதற்கு இத்தனை எண்ணுவது? ஆற்றல் கூடக்கூட, வரும் துகள்களின் எண்ணிக்கை மளமளவென்று சரியும். சுமார் 3,000 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டில் அந்தச் சரிவு திடீரென்று இன்னும் செங்குத்தாகிறது. வரைபடத்தில் மடக்கிய காலைப் போலத் தெரிவதால் அதற்கு 'முழங்கால்' என்றே பெயர். நம் மண்டலத்தின் முடுக்கிகளுக்கு அங்கேதான் மூச்சு வாங்குகிறதா என்பது பெரிய கேள்வி. ஒப்பிட வேண்டுமானால், ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் துகள்களை வேகப்படுத்தும் பெரிய முடுக்கி ஒரு புரோட்டானுக்குக் கொடுப்பது ஏழு லட்சம் கோடிக்கும் சற்றுக் குறைவு. முழங்காலுக்கு முன்பே, 166 லட்சம் கோடி பக்கத்தில், புரோட்டான் கணக்கில் ஒரு புதிய வளைவு இருப்பதாக 2024இல் ஊட்டிக் குழு அறிவித்தது. வழுவழுவென்று ஒரே சரிவாக இருக்கும் என்று பலர் நினைத்திருந்த இடம் அது.

ஊட்டியில் இடி இடித்தால் அந்த ஆய்வகத்துக்கு என்ன?

மொத்தத்தில் எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான். நமக்கு இடி என்றால் கரண்ட் போய்விடும், அவ்வளவுதான். அவர்களுக்கு மியூவான் எண்ணிக்கை குறைந்தது.

மியூவானில் நேர் மின்னூட்டம், எதிர் மின்னூட்டம் என்று இரண்டு வகை. நேர் வகை கொஞ்சம் அதிகம். மின்னேறிய மேகத்துக்குள் நுழைந்தால் ஒரு வகைக்கு அது மலை ஏற்றம், இன்னொரு வகைக்கு இறக்கம். ஏறுகிற வண்டி வேகம் இழப்பதுபோல நேர் மியூவான் ஆற்றலை இழக்கும், எதிர் மியூவான் சேர்க்கும். நேர் வகை அதிகம் என்பதால் மொத்தத்தில் கீழே வந்து சேர்வது குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தால் ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்று, அதாவது மேகத்தின் மின்னழுத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

2011 ஏப்ரலிலிருந்து 2014 டிசம்பர் வரை ஊட்டி மேல் வந்த 184 இடிமழைகளைப் பதிவு செய்தார்கள். 2014 டிசம்பர் 1 அன்று வந்ததுதான் பெரியது. சுமார் 18 நிமிடம் மியூவான் எண்ணிக்கை இரண்டு சதவீதம் சரிந்தது. கணக்கு போட்டால் 130 கோடி வோல்ட். அதற்கு முன்பு பலூன் அனுப்பி அளந்தவற்றில் பெரியது இதில் பத்தில் ஒரு பங்குதான். மேகத்துக்குள் இப்படி நூறு கோடி வோல்ட் வரலாம் என்று ஸ்காட்லாந்து இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920களிலேயே சொல்லியிருந்தார். நிரூபிக்க 90 ஆண்டு ஆகி, 2019இல் நம் மலையிலிருந்து விடை போனது. அந்த டிசம்பர் நாளில் ஊட்டிக்காரர்கள் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

கொடைக்கானலில் சூரியனைப் பார்க்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சூரியன் நமக்கு ஒரு குடை பிடிக்கிறது. அதிலிருந்து வீசும் மின்னூட்டக் காற்று காந்தப்புலத்தைச் சுமந்துகொண்டு கோள்களைத் தாண்டியும் பரவி, வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரைத் தள்ளிவிடுகிறது. சூரியப்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் இங்கே காஸ்மிக் கதிர் குறைவு, புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் அதிகம். பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். பழநி மலையில் 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு ஆண்டுக்கு மேலாக அந்தப் புள்ளிகளைப் படம் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு மலை குடையைப் பார்க்கிறது, இன்னொரு மலை நனைவதை அளக்கிறது.

குடைக்கு வெளியே எப்படி இருக்கும் என்பதற்கு நாசாவின் வாயேஜர்-1 விண்கலம் சாட்சி. 2012 ஆகஸ்டில் அது சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டியது. காஸ்மிக் கதிர் எண்ணிக்கை சட்டென்று உயர்ந்தது.

சூரியன் பெரிய குமுறலை நம் பக்கம் வீசினால் ஓரிரு நாள் இங்கே கதிர் குறையும். இதற்கு நேர்மாறாக ஒன்று 2015 ஜூன் 22 அன்று நடந்தது. ஊட்டியில் மியூவான் எண்ணிக்கை இரண்டு மணி நேரம் எகிறியது. சூரியக் குமுறல் பூமியின் காந்தக் கவசத்தை அழுத்தி, கொஞ்ச நேரம் தளர்த்திவிட்டது, அந்த உயரமான வாசல்படி தாழ்ந்தது என்பது கிரேப்ஸ் குழுவின் விளக்கம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போனுக்கு ஒன்றுமே ஆகாதா?

உடம்பிலிருந்து தள்ளி வைத்துப் பயனில்லை என்று சொன்னேனே தவிர, மின்னணுவியலுக்கு ஒன்றுமே ஆகாது என்று சொல்லவில்லை. பொழிவில் வரும் நியூட்ரான் நினைவகச் சில்லில் சரியான இடத்தில் மோதினால் 0 என்பது 1 ஆகிவிடலாம். பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் 2003 தேர்தலின்போது ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாக விழுந்திருந்தது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது, ஒரே ஒரு இலக்கம் புரண்டால் சரியாக அவ்வளவு கூடும். மென்பொருளில் பிழை எதுவும் அகப்படவில்லை. காஸ்மிக் கதிர் மீது சந்தேகம், நிரூபணம் இல்லை. நம் ஊரில் இப்படி நடந்தால் யார் மீது சந்தேகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதனால்தான் சர்வர்களிலும் விமானக் கணினிகளிலும் பிழை திருத்தும் நினைவகம் வைக்கிறார்கள்.

விமானத்தில் போனால்? விண்வெளிக்குப் போனால்?

விமானத்தில் அதிகம், ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை பறக்கிறவர்களுக்குப் பொருட்டல்ல. தினமும் பறக்கும் விமானிகளுக்குப் பல நாடுகளில் கணக்கு வைக்கிறார்கள். விண்வெளி வேறு விஷயம். அப்போலோ பயணிகள் கண்ணை மூடிக்கொண்டு படுத்தால் மின்னல் மினுக்குவதுபோலத் தெரிந்ததாகச் சொன்னார்கள். விழிக்குள் துகள் புகுந்த மினுக்கு அது. செவ்வாய்க்குப் போய்வர வழியில் மட்டும் சுமார் 660 மில்லிசீவர்ட் வாங்க நேரும் என்று செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி வண்டி போகும்போதே அளந்து சொல்லிவிட்டது. செவ்வாய்க்கு ஆள் அனுப்பும் திட்டங்களின் பெரிய தலைவலிகளில் இதுவும் ஒன்று.

இதனால் நன்மை ஏதாவது?

கீழடி 2,600 ஆண்டுப் பழமை என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த எண் எங்கிருந்து வந்தது? காஸ்மிக் கதிர் பொழிவின் நியூட்ரான், காற்றிலுள்ள நைட்ரஜனில் மோதி கார்பன்-14 ஆக்குகிறது. மரம் அதை மூச்சில் வாங்குகிறது, மாடு இலைதழையைத் தின்கிறது, நாம் எல்லாவற்றையும் தின்கிறோம். செத்தபின் வரவு நின்றுவிடும், இருப்பது 5,730 ஆண்டில் பாதியாகும். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டில் மிச்சமிருந்த கார்பன்-14ஐ எண்ணித்தான் பொதுயுகத்துக்கு முன் 580 என்று சொன்னார்கள். எப்போதோ செத்த விண்மீன்தான் நம் பழமைக்கு முத்திரை குத்தியிருக்கிறது.

நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் படிந்த கரிமண்ணுக்கும் இதே முறையில் வயது போட்டு, 20,000 ஆண்டுகளாகச் சோலையும் புல்வெளியும் எப்படி மாறி மாறிப் பரவின என்று 1993இல் ஆய்வு வெளிவந்தது. ஈரக் காலத்தில் ஒன்று, வறண்ட காலத்தில் ஒன்று.

எகிப்தில் குஃபு பிரமிடுக்குள் மறைந்திருந்த பெரிய வெற்றிடம் ஒன்றை 2017இல் மியூவானை வைத்தே கண்டுபிடித்தார்கள். எக்ஸ்ரே எடுப்பதுபோலத்தான், கருவி மட்டும் வானத்தினுடையது.

மேகமும் மழையும் இதனால் வருகிறதாமே?

அப்படி ஒரு கருத்து உண்டு. காஸ்மிக் கதிர் காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத் துகள்கள், அதாவது அயனிகள், மேகத் துளிக்கு விதை ஆகலாம் என்று செர்னில் சோதித்தும் பார்த்தார்கள். விளைவு சிறியது, பூமி சூடாவதற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

தேனியில் நியூட்ரினோ என்றார்களே, அதுவும் இதுதானா?

பங்காளி. பொழிவில் பையானும் மியூவானும் உடையும்போது நியூட்ரினோ என்ற மின்னூட்டமில்லாத நுண்துகளும் பிறக்கிறது. அப்படி வளிமண்டலத்தில் பிறந்ததை உலகில் முதன்முதலில் பிடித்த இடங்களில் ஒன்று கோலார் சுரங்கம், 1965. பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து வைக்க நினைத்ததும் இவற்றை அளக்கத்தான். மலை, காடு, தண்ணீர் பற்றிய எதிர்ப்புக்கு அதற்குரிய நியாயங்கள் உண்டு, அதைத் தனியே பேசலாம். ஆனால் நியூட்ரினோ வந்து ஊரை எரித்துவிடும் என்று மேடையில் பேசியதைக் கேட்டபோது எனக்கு அத்தைதான் நினைவுக்கு வந்தார்.

இதுவரை வந்ததில் பெரியது எது?

1991 அக்டோபர் 15, அமெரிக்காவின் யூட்டா வானில் ஒன்று. ஒரே ஒரு துகளில், ஒரு சுழற்பந்து வீச்சாளர் வீசிய கிரிக்கெட் பந்தின் ஆற்றல். இவ்வளவு பெரியது நம் மண்டலத்தில் பிறந்திருக்க முடியாது, வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இந்த வகை சதுர கிலோமீட்டருக்கு நூறு ஆண்டில் ஒன்று வந்தால் அதிகம்.

வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும், மேகப்பெட்டி செய்தால். இதுவும் அதே வில்சன் கண்டுபிடித்ததுதான். 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் இருந்தபோது, மூடுபனியில் தன் நிழலைச் சுற்றி வண்ண வளையம் விழுவதைப் பார்த்து மயங்கி, அதைச் சோதனைச்சாலையில் உண்டாக்கப் போய்க் கடைசியில் துகளின் தடத்தைக் காட்டும் கருவி வந்து நின்றது. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் வெயில் முதுகிலும் பனி முன்னாலும் இருந்தால் அந்த வளையத்தை நீங்களும் பார்க்கலாம்.

தேவை: சின்ன மீன்தொட்டி, மேல்பக்கம் ஒட்ட ஒரு கம்பளித் துண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கறுப்புத் தாள் ஒட்டிய உலோகத் தட்டு, ஒரு டார்ச், உலர் பனிக்கட்டி. கடைசிதான் தொல்லை. முதல் தடவை கோயம்புத்தூரிலிருந்து துணிப்பையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். கோத்தகிரியில் இறங்கிப் பையைத் திறந்தால் ஈரம்கூட இல்லை, அத்தனையும் ஆவியாகிப் போயிருந்தது. இரண்டாம் தடவை தெர்மாகோல் பெட்டி, மூடியில் சின்ன ஓட்டை. இறுக மூடினால் பெட்டி வெடிக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி, வெறுங்கையால் தொடக் கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும், ஆல்கஹால் பக்கத்தில் நெருப்பு ஆகாது.

கம்பளியை ஆல்கஹாலில் நனைத்து, தொட்டியைக் கவிழ்த்துப் பனிக்கட்டி மேல் இருக்கும் தட்டில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தோம். பத்து நிமிடம் தூறல் மாதிரி ஏதோ விழுந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் பேச்சு ஆரம்பித்தது. அப்புறம் தட்டுக்கு ஒரு விரற்கடை மேலே, தலைமுடி ஒன்றை இழுத்துப் பிடித்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு நொடி நின்று, தொய்ந்து, கரைந்தது. இன்னொன்று. பிறகு தடித்துக் குட்டையாக ஒன்று, அது காற்றிலுள்ள ராடானுடையது. ஒரு பெண் கரும்பலகையில் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணத் தொடங்கினாள். கூச்சல் தாங்காமல் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

அத்தைக்கு அந்தக் கோட்டை வீடியோ எடுத்து அனுப்பினேன். "இதுவா? நூல் மாதிரில்ல இருக்கு" என்று பதில் வந்தது. அனுப்பிய நேரம் பார்த்தேன், இரவு 12.40.